விழுப்புரம் கரும்பும் ஐ.க்யூ. எண்ணும்: "வறுமை 13 புள்ளியைத் தின்றுவிடும்" என்பது உண்மையா?

செஞ்சிக்காரன் எழுதியது:

குடும்பக் குழு, பள்ளித் தோழர் குழு, ஊர்க் குழு என்று வாட்ஸப்பில் எங்கு திரும்பினாலும் இரண்டு நாளாக ஒரே செய்தி. "விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகளை வைத்து ஹார்வர்டு நடத்திய ஆய்வில், வறுமை மனிதனின் ஐ.க்யூ.வை 13 புள்ளி குறைத்துவிடும் என்று நிரூபணம்." அதன் கீழே வறண்ட வயலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் விவசாயியின் படம். அந்தப் படத்தில் கரும்பே இல்லை.

சொந்த மாவட்டத்தின் பெயர் வந்திருப்பதால் கேட்கிறேன். அப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே நடந்ததா? நடந்திருந்தால், ஒரே மனிதரின் ஐ.க்யூ. சில மாதங்களுக்குள் ஏறி இறங்குமா? அது பிறவியோடு வருவது என்றுதானே கேட்டு வளர்ந்தோம்.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

நடந்தது. 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. எழுதியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ். நால்வரில் அப்போது ஹார்வர்டில் இருந்தவர் முல்லைநாதன் ஒருவர்தான். மற்றவர்கள் வேறு வேறு பல்கலைக்கழகங்கள்.

அந்த 13 மட்டும் விழுப்புரத்துக் கணக்கு அல்ல. அதே கட்டுரையில் இன்னொரு பகுதி உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஒரு வணிக வளாகத்துக்கு வந்தவர்களிடம், "உங்கள் காரைப் பழுதுபார்க்க 1,500 டாலர் ஆகும், என்ன செய்வீர்கள்?" என்று யோசிக்கச் சொல்லிவிட்டுத் தேர்வு வைத்தார்கள். வசதி குறைந்தவர்களின் மதிப்பெண் சரிந்தது. 150 டாலர் என்று சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. 13 என்ற எண் அங்கே பிறந்தது. கரும்பு விவசாயிகளுக்கு அவர்களே பிறகு சொன்ன கணக்கு 9 அல்லது 10 புள்ளி. யாரோ கார் செலவை எடுத்துக் கரும்புக் கொல்லையில் வைத்துவிட்டார்கள்.

நம் ஊரில் நடந்தது இதுதான். 54 கிராமங்களில் 464 சிறு விவசாயிகள். அறுவடைக்கு முன் ஒரு முறை, அறுவடைக்குப் பின் ஒரு முறை, அதே ஆட்களுக்கு அதே வகைத் தேர்வுகள். ஒன்று ரேவன் கட்டங்கள்: வடிவங்கள் ஒரு விதிப்படி வரிசையாக இருக்கும், ஒரு கட்டம் மட்டும் காலி, அங்கே எது வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தறிவு தேவையில்லை. அறுவடைக்கு முன் சராசரி 4.35 சரியான விடை, பின் 5.45.

இன்னொன்று எண்களை வைத்து. "2 2 2" என்று காட்டினால், எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அதைச் சொல்ல வேண்டும், அதாவது 3. வாய் 2 என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கித்தான் 3 சொல்ல வேண்டும். வீட்டில் யாரையாவது வேகமாகச் சொல்ல வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். இதற்கு அறுவடைக்கு முன் 146 வினாடி எடுத்தவர்கள் பின்பு 131 வினாடியில் முடித்தார்கள், தவறுகளும் குறைந்தன.

---

தென்பெண்ணை எழுதியது:

எங்கள் வீட்டில் கரும்புதான். ஆய்வை நான் படித்ததில்லை, ஆனால் ஏன் கரும்பைப் பிடித்தார்கள் என்பதைச் சொல்ல முடியும்.

நெல் என்றால் ஊரே சேர்ந்து ஒரே பருவத்தில் அறுக்கும். கரும்பு அப்படி அல்ல. ஆலையில் பதிவு செய்திருப்போம். ஆலை ஒரே நாளில் எல்லாக் கரும்பையும் அரைக்க முடியாது என்பதால் வெட்டு உத்தரவு ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தேதியில் வரும். எங்களுக்கு மாசியில் வந்தால் பக்கத்துக் கொல்லைக்காரருக்குச் சித்திரை தாண்டியும் வராது. ஒரே மழை, ஒரே வெயில், ஒரே திருவிழா. ஆனால் ஒரு வீட்டில் பணம் வந்திருக்கும், இன்னொரு வீட்டில் காதில் கிடந்த தோடும் அடகுக் கடையில் இருக்கும். ஒப்பிட வருகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடைக்காது.

வருமானம் வருடத்துக்கு ஒரு முறை. வெட்டுக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் வீட்டில் பேச்சே வேறு. உரக்கடைப் பாக்கி, சங்கத்துக் கடன், பள்ளிக் கட்டணம், நகையை மீட்கும் கெடு. அப்பாவிடம் ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும், முதல் தடவை காதில் விழாது. இதைக் கண்டுபிடிக்க நான்கு பல்கலைக்கழகம் தேவையா என்று என் அம்மா கேட்கிறார்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, வெட்டு முடிந்ததும் பணம் வந்துவிடும் என்று யார் சொன்னார்கள்? நிலுவை என்று ஆலை இழுத்தடித்த வருடங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இரண்டு, வெட்டுக்கு முன் வேலைச் சுமையும் அதிகம். உடல் அலுப்பில் மதிப்பெண் குறைந்திருக்கலாமே?

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

நல்ல கேள்விகள் அம்மா. பணம் வந்ததா என்பதற்கு அவர்களுடைய எண்களிலேயே தடயம் இருக்கிறது. அறுவடைக்கு முன் 100க்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின் 4 பேர். கடன் இருந்தவர்கள் முன் 99, பின் 13. ஆகப் பெரும்பாலோருக்குக் காசு கைக்கு வந்திருக்கிறது. உடல் அலுப்பு, சாப்பாட்டுக் குறைவு இரண்டையும் கட்டுரையில் விவாதித்து, இவை மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று வாதிடுகிறார்கள். எனக்கு அந்த இடம் முழுத் திருப்தி தரவில்லை.

அதைவிடப் பெரிய சந்தேகம் இன்னொன்று. இரண்டாவது முறை எழுதும்போது யாருக்குமே மதிப்பெண் கூடும், பழகிவிடும் அல்லவா? அதற்காக 100 பேரைத் தனியாக ஒதுக்கி, அவர்களுக்கு அறுவடைக்குப் பின் மட்டுமே முதல்முறையாகத் தேர்வு வைத்தார்கள். பழக்கமே இல்லாத அவர்களும், மற்றவர்கள் அறுவடைக்கு முன் எடுத்ததைவிட மேலாகச் செய்தார்கள். இருந்தும், அதே இதழில் விஷெர்ட்ஸ், ஷோல்டன் என்ற இருவர் மறுப்பு எழுதினார்கள். அவர்கள் முக்கியமாகக் கைவைத்தது வணிக வளாகப் பகுதியில்: வருமானத்தை ஏழை, பணக்காரர் என்று இரண்டாக வெட்டாமல் ஒவ்வொருவரின் தொகையையும் அப்படியே வைத்துக் கணக்கிட்டால் முடிவு வலுவிழக்கிறது என்றார்கள்.

---

கொங்கு வாசகன் எழுதியது:

மறுப்பைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. கார்வாலோ, மெயர், வாங் மூவரும் 2016இல் அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். மூளை வேலையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இதை ஏன் யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை?

ஐ.க்யூ. ஏறி இறங்கும் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஸ்காட்லாந்துக் கதையைச் சொல்கிறேன். 1932 ஜூன் 1 அன்று, 1921இல் பிறந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் ஒரே தேர்வு. 87,498 பேர். பிறகு அந்தத் தாள்களைப் பல பத்தாண்டுகள் யாரும் சீண்டவில்லை. இயன் டியரி குழுவினர் அவற்றைத் தோண்டியெடுத்து, அபர்டீனில் இன்னும் உயிரோடு இருந்த சிலரை 77 வயதில் கூப்பிட்டு அதே தேர்வை வைத்தார்கள். 11 வயது மதிப்பெண்ணுக்கும் 77 வயது மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு 0.63 (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை). நடுவில் உலகப் போர், வேலை, கல்யாணம், நோய் எல்லாம் வந்து போயிருக்கின்றன. உளவியலில் இவ்வளவு உறுதியாக நிற்கும் வேறு அளவு ஒன்றைக் காட்டுங்கள்.

---

தென்பெண்ணை எழுதியது:

சம்பள நாள் மாதத்துக்கு இரண்டு தடவை வரும், தேதியும் தெரியும். எங்கள் வெட்டு உத்தரவு அப்படியா? அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

---

ஆசிரியர் கனவு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) = மனவயது ÷ காலவயது × 100 என்று வழிகாட்டி நூலில் இருக்கிறது. மனவயது என்பது எந்த வயதினரின் அளவுக்கு விடை சொல்கிறோம் என்பது, காலவயது உண்மையான வயது. இதன்படி பார்த்தால் கரும்பு விவசாயிக்கு எப்படிக் கணக்கிட்டார்கள்? 45 வயது விவசாயியின் மனவயது அறுவடைக்குப் பின் 50 ஆகிவிடுமா?

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

தேர்வில் அந்தச் சூத்திரத்தையே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். நடைமுறையில் அது கைவிடப்பட்டுப் பல காலம் ஆகிறது, நீங்கள் கண்டுபிடித்த அதே ஓட்டையால்தான்.

1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சிமோனும் முதல் அளவைச் செய்தது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்காக. வில்லியம் ஸ்டெர்ன் 1912இல் மனவயதைக் காலவயதால் வகுத்தார். 1916இல் ஸ்டான்ஃபோர்டில் டெர்மன் 100ஆல் பெருக்கினார். பிள்ளைகளுக்கு ஓரளவு பொருந்தும், பெரியவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். வெக்ஸ்லர் 1939இல் பெரியவர்களுக்கான தேர்வைக் கொண்டுவந்தபோது வகுத்தலையே தூக்கிப்போட்டார். இப்போது நடப்பது: உங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு முன்கூட்டியே தேர்வு வைத்து, அவர்களுடைய சராசரிக்கு 100 என்றும், திட்டவிலக்கத்துக்கு (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 15 என்றும் பெயர் சூட்டிவிடுவார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் எண். 85க்கும் 115க்கும் இடையில் 100க்கு 68 பேர் இருப்பார்கள்.

கொங்கு வாசகன் நண்பருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் நிலைத்து நின்றது வரிசை. முந்தியவர் பெரும்பாலும் முந்தியே இருக்கிறார். எல்லோரும் சேர்ந்து மேலே போனாலும் வரிசை மாறாது. ஜேம்ஸ் ஃப்ளின் என்பவர் நியூசிலாந்தில் அரசியல் பேராசிரியராக இருந்தவர், உளவியல்காரர் அல்ல. 1984இல் பழைய தேர்வுக் கையேடுகளை வைத்துக் கணக்குப் போட்டு, 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் சராசரி கிட்டத்தட்ட 14 புள்ளி ஏறியிருப்பதைக் காட்டினார். நெதர்லாந்தில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்கள் 1952 முதல் 1982 வரை சுமார் 20 புள்ளி. ஒவ்வொரு முறை தேர்வைப் புதுப்பிக்கும்போதும் 100ஐ மறுபடி கீழே இழுத்து வைப்பதால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். முப்பது ஆண்டில் மரபணு மாறிவிடாது.

---

வன்னிமரம் எழுதியது:

இந்த ஏற்றத்தில் சுவையான பகுதி, எது ஏறியது என்பது. சொற்களஞ்சியம், கணக்கு போன்றவற்றில் ஏற்றம் சொற்பம். ரேவன் கட்டங்கள், "இந்த இரண்டுக்கும் என்ன ஒற்றுமை?" போன்ற கேள்விகளில்தான் பாய்ச்சல். அதாவது கையில் இல்லாத ஒன்றை, "அப்படி என்று வைத்துக்கொள்வோம்" என்று எடுத்துக்கொண்டு யோசிக்கும் பழக்கம்.

1930களின் தொடக்கத்தில் ரஷ்ய உளவியலாளர் லூரியா உஸ்பெகிஸ்தானுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் பார்க்காத விவசாயிகளிடம் கேட்டார்: பனி படர்ந்த தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? "நான் கறுப்புக் கரடியைத்தான் பார்த்திருக்கிறேன், பார்க்காததைப் பற்றி எப்படிச் சொல்வது?" என்கிற தோரணையில் பதில் வந்தது. சாட்சிக் கூண்டில் நிற்கும்போது இதைவிட அறிவான பதில் உண்டா! தேர்வுத்தாளில் அதற்குச் சுழியம். ஃப்ளின் தன் விளக்கத்துக்கு இந்தக் கரடியைத்தான் அடிக்கடி கூப்பிடுவார்.

அந்தப் பழக்கத்தை ஊட்டுவதில் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பங்கு. நார்வேயில் கட்டாயக் கல்வியை 7 ஆண்டிலிருந்து 9 ஆண்டாக உயர்த்தியபோது ஊராட்சி ஊராட்சியாக, வெவ்வேறு ஆண்டுகளில் அமல்படுத்தினார்கள் (தென்பெண்ணை சொன்ன வெட்டு உத்தரவு மாதிரியேதான்). அதை வைத்து பிரிஞ்ச், காலோவே இருவரும் 2012இல் கணக்கிட்டார்கள்: கூடுதலான ஒவ்வோர் ஆண்டுப் படிப்புக்கும் 19 வயது வாக்கில் 3.7 புள்ளி. அதே நார்வேயில், 1970களின் நடுப்பகுதிக்குப் பின் பிறந்தவர்களிடம் சராசரி இறங்கத் தொடங்கியதும் பதிவாகியிருக்கிறது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே அந்த இறக்கம் தெரிகிறது, ஆகவே அதற்கும் மரபணு மேல் பழி போட முடியாது.

---

கொங்கு வாசகன் எழுதியது:

வரிசை, சராசரி என்ற வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் வரிசையில் யார் எங்கே நிற்பது என்பதில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மழுப்ப வேண்டாம். நான்கு நாடுகளில் 11,000 இரட்டையர் ஜோடிகளை வைத்து 2010இல் வந்த ஆய்வில், மரபின் பங்கு 9 வயதில் 41 விழுக்காடு, 12 வயதில் 55, 17 வயதில் 66. வயது ஏற ஏறச் சூழலின் கை ஓங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேரெதிர்.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

மழுப்பவில்லை. அந்த எண்களை நானும் நம்புகிறேன். (பிரிட்டிஷ் உளவியலாளர் சிரில் பர்ட்டின் இரட்டையர் கணக்கை நம்பமாட்டேன். ஜோடிகளின் எண்ணிக்கை 21இலிருந்து 53 ஆன பிறகும் ஒட்டுறவு 0.771 என்று மூன்றாம் தசமம் வரை மாறாமல் நின்றது. நாற்பது வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.)

ஆனால் 66 விழுக்காடு என்பது உங்கள் அறிவில் 66 பங்கு அப்பா அம்மா கொடுத்தது என்ற பொருளில் அல்ல. அந்தக் கூட்டத்தில், அந்தச் சூழலில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபோடு சேர்ந்து போகும் பங்கு. எல்லோருக்கும் நல்ல பள்ளி, நல்ல சோறு கிடைத்துவிட்டால் மிச்சம் இருக்கும் வேறுபாடு மரபினுடையதாகத்தான் இருக்கும், விழுக்காடு தானாகவே ஏறும். டர்க்ஹைமர் 2003இல் அமெரிக்காவின் ஏழைக் குடும்பத்து 7 வயது இரட்டையரிடம் மரபின் பங்கு சுழியத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகக் கண்டார். வசதியான வீடுகளில் அது மிக அதிகம். மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தேடியபோது இந்த வித்தியாசம் தென்படவில்லை. அங்கே ஏழைக்கும் மருத்துவமும் பள்ளியும் ஓரளவு உறுதி என்பது காரணமாக இருக்கலாம் என்பது ஓர் ஊகம். நம் ஊருக்கு எந்த நாட்டு எண்ணைப் பொருத்துவது? நான் எதையும் பொருத்தமாட்டேன்.

---

நெறியாளர் எழுதியது:

இங்கே இருந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. நாடுவாரி ஐ.க்யூ. பட்டியலை ஒட்டி, அதிலிருந்து சாதிவாரிப் பட்டியலுக்குத் தாவியவர் ஒரு வாரம் எழுத முடியாது.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

நீக்கியது சரி. அந்தப் பட்டியல் அடிக்கடி வருவதால் ஒரு தகவல். ரிச்சர்டு லின், வான்ஹானென் தொகுத்த பட்டியலில் எக்குவடோரியல் கினியாவுக்கு 59 என்று போட்டிருந்தார்கள். அந்த எண் வந்தது ஸ்பெயினில், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் எடுத்த கணக்கிலிருந்து. பல நாடுகளுக்கு நேரடி எண்ணே இல்லாமல், அக்கம்பக்கத்து நாடுகளின் சராசரியை எடுத்துப் போட்டு நிரப்பினார்கள். இதைப் புள்ளிவிவரம் என்று சொன்னால் எங்கள் துறைக்கே அவமானம்.

---

முத்துநகர் எழுதியது:

உப்பையும் ஈயத்தையும் யாரும் தொடவில்லையே? அயோடின் கடுமையாகக் குறைந்த ஊர்களையும் போதுமான ஊர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தால் 12, 13 புள்ளி வித்தியாசம் வருகிறது. கருவில் இருக்கும்போதே தைராய்டு சுரப்பு மூளைக்குத் தேவை, அதுதான் காரணம். ஈயத்துக்கு லான்ஃபியர் குழுவினரின் 2005 கணக்கு: ஏழு ஆய்வுகள், 1,333 பிள்ளைகள். ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10க்குப் போனால் 3.9 புள்ளி இழப்பு. மிகக் குறைந்த அளவிலேயே இழப்பு செங்குத்தாக இருக்கிறது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகள் நிற்கவில்லை.

எங்கள் தூத்துக்குடி உப்பு ஊர் ஊராகப் போகிறது. ஆனால் அயோடின் உப்புப் பயன்பாட்டில் தமிழ்நாடு பின்தங்கியே இருந்திருக்கிறது. கல்லுப்புதான் ருசி என்று வீட்டில் சொன்னால் நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.

---

கீழ்வீதி எழுதியது:

நீண்ட நாள் வாசகன், முதல் பதிவு. என் மகன் மூன்றாம் வகுப்பு. வாசிக்கத் திணறுகிறான் என்று பள்ளியில் சொன்னதால் ஓர் இடத்தில் ஐ.க்யூ. பார்த்தோம். 78 என்று ஒற்றை வரியில் தாள் கொடுத்தார்கள். "எல்லைக்கோட்டில் இருக்கிறான், அதிகம் எதிர்பார்க்காதீர்கள்" என்றார்கள். தேர்வு நடந்தது காய்ச்சல் விட்ட மறுநாள். இந்த இழையைப் படித்த பிறகு எதை நம்புவது என்றே தெரியவில்லை.

---

சிறப்பாசிரியை எழுதியது:

கீழ்வீதி ஐயா, இந்த வேலையில் நீண்ட காலமாக இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒற்றை எண் எழுதிய தாளை அறிக்கை என்று நான் ஏற்கமாட்டேன். எந்தத் தேர்வு வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்த பினே-காமத் அளவா, மாலின் அளவா, வேறு ஏதாவதா? மாலின் அளவு 1969இல் தரப்படுத்தப்பட்டது. அதன் 100, அந்தக் காலத்துப் பிள்ளைகளின் 100. ஃப்ளின் கணக்கு இங்கேதான் நம்மைக் கடிக்கிறது.

பிறகு உட்பிரிவு மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. வாய்மொழிப் பகுதியில் 70, செயல்வழிப் பகுதியில் 95 என்றால் சராசரி எண்ணுக்குப் பொருளே கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதலில் செகின் பலகையைக் கொடுப்பேன். நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம் என்று பத்து மரத்துண்டுகள், அவற்றுக்கான பத்துப் பள்ளங்கள். மூன்று முறை அடுக்கச் சொல்லி நேரம் பார்ப்போம். முதல் முறை என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு துண்டையும் தயங்கி வைக்கும் பிள்ளை, மூன்றாம் முறை பாதி நேரத்தில் முடித்துவிடும். எண்ணில் வருவது குறைந்த நேரம் மட்டும். அந்தத் தயக்கம் எண்ணில் வராது, அதை எழுதத் தெரிந்தவர்தான் தேர்வு வைக்க வேண்டும். இருளர் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளை, வீட்டில் உருது பேசும் பிள்ளை, கண்ணாடி தேவை என்பதே யாருக்கும் தெரியாத பிள்ளை எல்லோரையும் ஒரே கேள்வித்தாளால் அளந்து 70, 72 என்று எழுதிய தாள்களைப் பார்த்து அலுத்துவிட்டேன்.

இதற்காக எண்ணே வேண்டாம் என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் வழி அந்த அளவீட்டின் வழியாகத்தான். அளக்காமல் விட்டதால் எட்டாம் வகுப்பு வரை கடைசி வரிசையில் உட்கார்ந்து வீணான பிள்ளைகள் உண்டு.

---

வன்னிமரம் எழுதியது:

ஒரு புள்ளிக்கு எவ்வளவு எடை என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்று 2002இல் தீர்ப்பு. ஃபுளோரிடா மாநிலம் அதற்கு 70 என்று கோடு கிழித்தது. ஃபிரெடி லீ ஹால் என்பவரின் மதிப்பெண் 71, ஆகவே தண்டனைக்குத் தகுதி என்றார்கள். எந்த மதிப்பெண்ணுக்கும் முன்பின் 5 புள்ளி பிழைக்கு இடம் உண்டு, அதைக் கணக்கில் எடுக்காத கோடு செல்லாது என்று 2014இல் 5க்கு 4 என்ற வாக்கில் தீர்ப்பானது.

---

சிறப்பாசிரியை எழுதியது:

78க்கும் அதே பிழை உண்டு, கீழ்வீதி ஐயா. 73ஆகவும் இருக்கலாம், 83ஆகவும் இருக்கலாம், காய்ச்சலைச் சேர்க்காமலே. இப்போதைக்குச் செய்ய வேண்டியது: கண், காது இரண்டையும் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துவிடுங்கள். ரத்தச்சோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். உடனே மறுதேர்வு வேண்டாம், பழக்கத்தால் எண் கூடி இன்னொரு குழப்பம் வரும். ஓராண்டு கழித்து, வேறொரு தேர்வில், பையன் நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டு வந்த காலை நேரத்தில் வையுங்கள். இடையில் வாசிப்புப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்கு எந்த எண்ணும் தேவையில்லை. பையன் காதுபட 78 என்று யாரும் சொல்ல வேண்டாம்.

---

கீழ்வீதி எழுதியது:

நன்றி அம்மா. அவர்கள் கொடுத்த தாளில் தேர்வின் பெயரே இல்லை. திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். வீட்டில் அவன் தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருவான், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

---

சிறப்பாசிரியை எழுதியது:

அதை முதலில் சொல்லுங்கள். கண் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள்.